ஆழத்துக்குச் சுத்த ஆக்சிஜனா? உயிரைப் பறிக்கும் தவறான தகவல்

"ஆழ்கடலில் மயக்கம் வருவது நைட்ரஜனால், சிலிண்டரில் சுத்த ஆக்சிஜனை நிரப்பினால் எவ்வளவு ஆழமும் போகலாம்" என்றொரு தகவல் பரவுகிறது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நம்பினால் உயிர் போகும்.

சாதாரணக் காற்றைச் சுவாசித்தபடி சுமார் 30 மீட்டரைத் தாண்டும்போது நைட்ரஜன் மூளையை மந்தமாக்கத் தொடங்கும். அழுத்தமானியை இரண்டு முறை பார்த்தும் முள் எங்கே நிற்கிறது என்பது மனதில் பதியாது. அதைப் பற்றிய கவலையும் வராது, அதுதான் பயங்கரம். ஆனால் சில மீட்டர் மேலேறினாலே தெளிந்துவிடும்.

ஆக்சிஜன் நஞ்சாவது அப்படியல்ல. அதன் பகுதி அழுத்தத்துக்கு, அதாவது சுவாசிக்கும் வாயுவில் ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தத்துக்கு, 1.6 பார்தான் உச்ச வரம்பு (1 பார் என்பது ஏறத்தாழ கடல்மட்டக் காற்றழுத்தம்). சுத்த ஆக்சிஜன் வெறும் 6 மீட்டரிலேயே அதைத் தொட்டுவிடும். அதற்குக் கீழே முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம். சிலிண்டர் வாயுவைச் சுவாசிக்க வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர் நழுவினால் மூழ்க வேண்டியதுதான்.

ஆழத்துக்கு உரியது ஹீலியம் கலந்த ட்ரைமிக்ஸ். 18 சதவீதம் ஆக்சிஜன், 45 சதவீதம் ஹீலியம், மீதி நைட்ரஜன் என்று கலந்தால், 60 மீட்டரிலும் நைட்ரஜனின் அழுத்தம் காற்றோடு சுமார் 23 மீட்டரில் இருக்கும் அளவுதான். கவனியுங்கள், இதில் ஆக்சிஜனைக் காற்றில் இருப்பதைவிடக் குறைக்கிறார்கள். சுத்த ஆக்சிஜன் பயன்படுவது மேலேறும் வழியில், 6 மீட்டரிலும் அதைவிட ஆழம் குறைந்த இடத்திலும் மட்டுமே.