அரைவாசிக் கார்க்காரன்

சனிக்கிழமை கலியாண மண்டபத்துக் கார் தரிப்பிடத்தில் எடுத்த அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தப்பியவர்களுக்கும் ஏதாவது ஒரு வட்ஸ்அப் குழு வழியாக வந்து சேர்ந்திருக்கும். சாம்பல் நிற டொயோட்டா ராவ்4 பிரைம், பச்சை எழுத்து இலக்கத்தகடு, சார்ஜரில் செருகிய கேபிள். மேலே ஒரு வரி: "பெற்றோல் காருக்கு இங்கே என்ன வேலை?" கீழே நாற்பது சிரிப்பு முகங்கள். அந்தக் கார் என்னுடையது. அந்த நாற்பதில் ஆறு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

அது பெற்றோல் கார் இல்லை. பெற்றோலும் உள்ள கார்: செருகி சார்ஜ் பண்ணும் பற்றரியும் உண்டு, பெற்றோல் இயந்திரமும் உண்டு. அந்த "உம்" கொஞ்சம் முக்கியம். பற்றரி 18.1 கிலோவாட் மணி. ஒருதரம் நிரப்பினால் கம்பனிக் கணக்கில் 68 கிலோமீற்றர் ஓடும். ரொறன்ரோவில், ஸ்காபரோவில் உள்ள என் வீட்டிலிருந்து மார்க்கம் நகரில் உள்ள வேலைத்தலத்துக்குப் போய்வர 44. கோடையில் திங்கள் முதல் வெள்ளிவரை இயந்திரம் வாய் திறப்பதே இல்லை. போன ஆடியில் பெற்றோல் அடித்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. சிரித்தவர்களில் எத்தனை பேர் அப்படிச் சொல்லமுடியும்? உங்கள் கார்களையும் எனக்குத் தெரியும். எட்டு சிலிண்டர் ட்ரக்கில் பால் வாங்கப் போகிறவரும் ஒரு சிரிப்பு முகம் போட்டிருக்கிறார்.

"வீட்டில் சார்ஜ் பண்ணலாம்தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒவ்வொரு இரவும் பண்ணுகிறேன் அண்ணை. சாதாரண 120 வோல்ட் சொக்கற்றில் முழுதாக ஏற 12 மணித்தியாலம். அன்று காலை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வந்து, அவரைக் கூட்டிவர மறுபடி போனதில் பற்றரி தீர்ந்துவிட்டது. மண்டபத்தில் இரண்டு சார்ஜர்கள், இரண்டும் வெறுமையாக இருந்தன. ஒன்றில் செருகினேன். சரி, நிரம்பிய பிறகும் கார் முக்கால் மணித்தியாலம் அங்கேயே நின்றது. ஒப்புக்கொள்கிறேன். பந்தியில் இருந்தேன், இலையை விட்டு எழும்பவா முடியும்? பக்கத்துச் சார்ஜர் அப்போதும் வெறுமையாகத்தான் இருந்தது. படத்தின் வலது மூலையில் வடிவாகத் தெரிகிறது. அதை யாரும் பார்க்கவில்லை.

அடுத்தது, "இந்த வகைக் கார்களை யாரும் செருகுவதில்லை, வெறும் ஏமாற்று." ஐரோப்பாவில் கம்பனிகள் வேலையாட்களுக்குக் கொடுத்த கார்களில் அது நடந்தது உண்மைதான். கேபிளை உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள்; கடதாசியில் எழுதியதைவிடப் பல மடங்கு புகை வந்தது. ஆனால் உங்கள் படத்தில் இருக்கிற கேபிள் சார்ஜரில் அல்லவா செருகி இருக்கிறது! செருகவில்லை என்றும் குற்றம், செருகினாலும் குற்றம் என்றால் நான் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு திரியவா?

மின்சாரக் கார்களுக்குத் தரும் பச்சைத் தகடு எனக்குக் கிடைத்ததைப் பற்றியும் ஒரு முறைப்பாடு. ஒன்ராறியோ அரசாங்கம் தந்தது. அவர்களைக் கேளுங்கள்.

"பஸ்ஸில் போகலாமே" என்றவருக்கு: ஸ்காபரோ ஆர்டி ரயில் 2023 யூலை 24 தடம்புரண்டது, அதோடு சரி, பிறகு ஓடவேயில்லை. இப்போது அந்தப் பாதைக்குப் பஸ் விடுகிறார்கள். பனிக்காலத்தில் காலை 7.30 வேலைக்கு ஒரு கிழமை அதில் போய்விட்டு வந்து எனக்குப் புத்தி சொல்லுங்கள்.

பெரிய குளிரில், மறை பத்துப் பாகைக்குக் கீழே போனால், சூடாக்குவதற்கு இந்தக் காரின் இயந்திரம் தானாகவே வேலை செய்யத் தொடங்கும். அதையும் ஒருவர் பெரிய துப்புப்போலக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். நான் எப்போது மறைத்தேன்? மொன்றியலுக்கு 540 கிலோமீற்றர் போகும்போதும் பெற்றோல்தான். எனக்குக் கட்டுபடியான கார் இது. ரெஸ்லா வாங்கவில்லையென்றால் பசுமையைப் பற்றிப் பேசக்கூடாது என்று எந்தக் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணினோம்?

எங்கள் அப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ40 இருந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவதைத் தடுத்தபோது ஊரில் எல்லாரும் செய்ததைத்தான் அப்பாவும் செய்தார். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை உயிர்போலக் காப்பாற்றி, அதில் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஒழுங்கை முழுக்கப் புகை. உடுப்பெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். அந்தக் காரில்தான் என் சின்னத் தங்கச்சியைப் பெற அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கத்து வீட்டு மாமியையும் இரண்டு தரம். "இது முழுப் பெற்றோல் கார் இல்லையே" என்று யாரும் பாதிவழியில் இறங்கி நடக்கவில்லை. அப்பா இப்போது இருந்திருந்தால் அந்த நாற்பது முகங்களையும் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத முடியாது.

படம் போட்ட தம்பிக்கு ஒரு வார்த்தை. நீர் என்னை அன்று வாசலில் கண்டீர். கைகொடுத்தீர். அம்மாவின் சுகம் கேட்டீர். கார் என்னுடையது என்று உமக்குத் தெரியும், அதில் நீரே எத்தனை தரம் ஏறியிருக்கிறீர். மண்டபத்தில் மைக்கும் இருந்தது. கனடாவில் எங்கள் கலியாணங்களில் இத்தனை வருடமாக என்ன வழக்கம்? இலக்கத்தைச் சொல்லி "தயவுசெய்து காரை எடுக்கவும்" என்பார்கள், ஒரு மனிதர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார், எல்லாரும் சிரிப்பார்கள், முடிந்தது. நானும் ஓடியிருப்பேன். நீரும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கலாம். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்திருக்காது. கையில் போன் இருக்கும்போது மைக் எதற்கு, இல்லையா? நாற்பது பேரைச் சிரிக்கவைக்க இது சுகமான வழி.

அம்மாவுக்கும் யாரோ அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். "என்னை ஏற்றப் போனதாலே தானே உனக்கு இது" என்று நேற்று முழுக்கப் புலம்பல். கார் விஷயம் என்று நான் இவ்வளவும் எழுதினேன். உண்மையில் இதுதான் விஷயம்.

சரி, நேரம் 10.55. 2023இல் வந்த இரவு மின்கட்டணத் திட்டத்தில் இருக்கிறேன். அது தொடங்கியபோது இரவு 11 முதல் காலை 7 வரை ஒரு யூனிட் 2.4 சதம், வேலைநாள் பின்னேரம் 4 முதல் 9 வரை 24 சதம். அந்த 8 மணித்தியாலத்தில் பற்றரி நிரம்பாது, ஆனால் என்னுடைய 44க்குக் காணும். வெளியே போய்க் கேபிளைச் செருக வேண்டும். தம்பி, படம் எடுப்பதென்றால் வாரும், வாசல் லைற்றைப் போட்டு வைக்கிறேன்.