தலைமையாசிரியரிடம் கெட்ட செய்தி போய்ச் சேருகிறதா?

ஒரு பள்ளியில் ஆசிரியர்கள் தலைமையாசிரியரை நம்புகிறார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு கேள்வி போதும். அங்கே கெட்ட செய்தி அவர் காதுக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது? வகுப்பில் பாதிப் பேருக்குப் பின்னக் கணக்கு வரவில்லை என்பதை அந்த ஆசிரியரே முதல் மாதத்தில் போய்ச் சொல்கிறாரா, ஆண்டுத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் தெரிகிறதா? ஒரு மாணவனை நாலு பேர் சேர்ந்து தினமும் சீண்டுகிறார்கள் என்பது உடனே மேலே வருகிறதா, பெற்றோர் கோபத்தோடு வந்து நிற்கும்போதுதான் வருகிறதா?

நம்பிக்கை என்றதும் பலர் தலைமையாசிரியரின் சுபாவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். சிரித்த முகம், பிறந்தநாள் வாழ்த்து, யாரையும் கடிந்துகொள்ளாத குணம். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஆசிரியராக நான் பார்த்தவரை, மிக இனிமையானவர் என்று பெயரெடுத்தவரிடம்கூட யாரும் உண்மையைச் சொல்வதில்லை என்ற நிலை இருக்கிறது. கண்டிப்பானவர் என்று சொல்லப்படுபவரின் அறைக்குப் போய் மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பது தெரிந்திருப்பதால்தான் போகிறார்கள்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் செவிலியர் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த கணக்கோ தலைகீழாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்றவர்கள் மறைத்தார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். பள்ளிக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஸ்டாஃப் மீட்டிங்கில் யாருமே ஒரு பிரச்சினையும் சொல்லவில்லை என்றால் தலைமையாசிரியர் நிம்மதி அடையக் கூடாது, கவலைப்பட வேண்டும்.

முதல் நிமிடத்தில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. ஓர் ஆசிரியர் தயங்கித் தயங்கி வந்து, "சார், இந்தப் பாடத்தை நான் நடத்தின விதம் சரியா வரல, பசங்களுக்குப் புரியல" என்கிறார். "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டுவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். கேள்வி நியாயமானதுதான், ஆனால் கேட்க வேண்டிய நேரம் அதுவல்ல. "சரி, எந்த இடத்துல சிக்குது? யார் உதவினா சரியாகும்?" என்று கேட்டால், அடுத்த முறை அவர் இன்னும் சீக்கிரம் வருவார். அவர் வந்து சொன்னதையும் அது எப்படி முடிந்தது என்பதையும் அன்று சாயங்காலத்துக்குள் ஆசிரியர் அறை முழுக்கத் தெரிந்துகொள்ளும். மற்றவர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் முடிவை எடுக்கிறார்கள்.

தனியாகச் சொன்னதைப் பொதுவில் வைப்பது இதைவிட மோசம். குடும்பத்தில் ஒரு சிக்கல், உடல்நிலை சரியில்லை என்று ஒருவர் அந்தரங்கமாகச் சொல்லியிருப்பார். அடுத்த கூட்டத்தில் பெயரைச் சொல்லாமல், "சிலருக்கு வீட்டுப் பிரச்சினையே பெருசா இருக்கு" என்று ஒரு வரி வந்து விழும். அந்த ஒரு வரியைச் சரிசெய்யப் பல வருடம் ஆகும், சில இடங்களில் சரியாகாமலேயே போய்விடும்.

இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்ட விஷயம், படிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சிகாகோவைப் பார்க்கலாம். அந்த நகரத்துத் தொடக்கப் பள்ளிகளை ஆந்தனி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் 1990-கள் முழுக்க ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1994-இல் நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில், வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறிய பள்ளிகளின் வரிசையில் சேரும் வாய்ப்பு 2-இல் 1. நம்பிக்கை பலவீனமாக இருந்த பள்ளிகளுக்கு 7-இல் 1. தொடர்ந்து பலவீனமாகவே இருந்தவற்றுக்கு ஏறத்தாழ வாய்ப்பே இல்லை. ஒருவரை நம்பலாமா என்பதை மனிதர்கள் மரியாதை, திறமை, தனிப்பட்ட அக்கறை, நேர்மை என்ற நான்கை வைத்து எடைபோடுகிறார்கள் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

அந்த நான்கில் திறமையை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம் என்பது என் கருத்து. வருடக்கணக்காக வகுப்பை ஒழுங்காக எடுக்காத ஒருவரிடம் தலைமையாசிரியர் எதுவும் பேசாமல் இருக்கிறார் என்று வையுங்கள். அவரோடு உறவு கெடக் கூடாது, பள்ளியில் சுமுகம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் அந்த வகுப்பை அடுத்த வருடம் வாங்குபவர் இரண்டு வருடப் பாடத்தைச் சேர்த்து நடத்த வேண்டியிருக்கிறது. அவர் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் இங்கே ஒன்றுதான் என்று மட்டும் புரிந்துகொள்வார். ஒருவரைச் சங்கடப்படுத்தாமல் விட்டதற்காக நல்ல ஆசிரியர்கள் பத்துப் பேரின் நம்பிக்கை போகிறது. அந்தக் கடினமான பேச்சைத் தனியாக, மரியாதையாக, வகுப்பில் கண்ணால் பார்த்ததை வைத்துப் பேசத்தான் வேண்டும். மாணவர்கள் பக்கம் நின்று யோசித்தால் இதைத் தள்ளிப்போட ஒரு காரணமும் மிஞ்சாது.

அப்புறம் டைம்டேபிள். வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பள்ளிக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். கடைசிப் பாடவேளை எப்போதும் யாருக்கு விழுகிறது, ஒருவர் விடுப்பு எடுத்தால் அவருடைய வகுப்புக்கு யாரை அனுப்புகிறார்கள், தேர்வுக் கண்காணிப்பிலிருந்து யார் பெயர் மட்டும் தப்பிவிடுகிறது என்பதையெல்லாம் ஆசிரியர்கள் ஒவ்வொரு நாளும் கவனிக்கிறார்கள். அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி, எந்த அடிப்படையில் போடப்பட்டது என்பதையும் கீழே எழுதிவிட்டால் பாதி முணுமுணுப்பு அடங்கிவிடும்.

நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். தலைமையாசிரியர் செய்யும் பல வகை வேலைகளில், ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்துத் தானும் அதில் பங்கெடுப்பதுதான் மாணவர்களின் கற்றலோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. பயிற்சியைத் தொடங்கி வைத்துப் பேசிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுகிற தலைமையாசிரியரை எல்லாரும் பார்த்திருப்போம். கடைசி வரை உட்கார்ந்து, தெரியாததைக் கேட்டு, குறிப்பெடுக்கும் தலைமையாசிரியர் முன்னால் "எனக்கு இது தெரியவில்லை" என்று சொல்ல யாருக்கும் கூச்சம் இருக்காது.

தலைமையாசிரியர்களின் மேல் இருக்கும் அழுத்தமும் எனக்குத் தெரியாமல் இல்லை. மேலே இருப்பவர்கள் தேர்ச்சி விகிதத்தை மட்டும் கேட்டுத் துளைக்கும்போது அந்தப் பயம் அப்படியே ஆசிரியர்களிடம் இறங்குகிறது, அங்கிருந்து மாணவர்களிடம். அந்த இடத்தில் அதைத் தடுத்து நிறுத்தும் தலைமையாசிரியர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் முதல் அடியை அவர்தான் வைக்க வேண்டும். அதிகாரம் அவர் கையில் இருக்கும்போது, கீழே இருப்பவர் முதலில் துணிந்து நம்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் வந்த வாரமே புதுத் திட்டங்களை அறிவிக்க வேண்டாம். அலுவலக ஊழியர், துப்புரவுப் பணியாளர் உட்பட ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்காருங்கள். இங்கே எது நன்றாக நடக்கிறது, எது உங்கள் வேலையைக் கெடுக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பிறகு எல்லாரையும் கூட்டி, யார் சொன்னது என்று காட்டிக்கொடுக்காமல், கேட்டவற்றில் எதைச் செய்ய முடியும், எதை முடியாது, ஏன் முடியாது என்று சொல்லுங்கள். முடியும் என்று சொன்னதில் ஒன்றையாவது அந்த மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவாக இருந்தாலும் சரி.