காய்ந்த மாட்டுக்குத் தீனி போட்டோமா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை இங்கிருக்கும் பலரும் அறிவீர்கள். மூன்றாம் மாடிப் பெரியவர் தம் ஓய்வூதியத்திலிருந்து, இரவில் நேரலையில் பாடும் ஒரு பெண்ணுக்குப் பரிசு அனுப்பியதைப் படமெடுத்துப் போட்டு, "காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் புகுந்த மாதிரி" என்று எழுதினீர்கள். அதற்கு நாற்பது சிரிப்புகள் விழுந்தன. நான் கேட்பது ஒன்றுதான்: அந்த மாட்டைக் காயவிட்டது யார்?

மனைவி இறந்த பிறகு, லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டு, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டவர் அவர். காதில் மாட்டியதைக் கழற்றாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனவர்களில் நானும் ஒருவன். அந்த நேரலையிலோ, பரிசு போய்ச் சேர்ந்த நொடியில் ஒரு குரல் அவருடைய பெயரைச் சொல்லி நன்றி கூறுகிறது. நாள் முழுவதும் யார் வாயிலும் வராத பெயர் அது. மறுநாள் இரவும் அதைக் கேட்கத் தோன்றாதா?

வயதானவர்களின் சபலம் என்பீர்கள். 2003இல் எனக்கு வயது 23. தென்காசியிலிருந்து வந்து திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கியிருந்தேன். தெருமுனை எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்த பெண் ஒருநாள், "ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து, யாரும் எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்த நேரத்தில் வீட்டு எண்ணைச் சுழற்றிக்கொண்டு அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்பேன். அவர் வராத நாளில் பார்த்தசாரதி கோயில் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு மாலை கடைக்காரர் என் தோளில் கை போட்டு டீக்கடைக்கு அழைத்துப்போய், "தம்பி, அந்தப் பொண்ணு பயப்படுது, இனிமே வராதீங்க" என்றார். பிறகு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறேன் என்றும் கேட்டார். அந்த வெட்கம் இன்றும் எனக்குள் இருக்கிறது. ஆனால் அவர் என்னை ஊர் சிரிக்க வைக்கவில்லை.

அந்தப் பெண்ணின் பயத்துக்கு என்ன பதில் என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. தனிமை யாரையும் பின்தொடர உரிமை தராது. ஆனால் நம் பெரியவர் யாரையும் பின்தொடரவில்லை, தம் பணத்தைத்தான் செலவழித்தார். "பிள்ளைகள் வெளிநாட்டில் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்டவருக்கும் சொல்கிறேன்: நான் பிள்ளைகளைப் பற்றிப் பேசவே இல்லை, ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் நம்மைப் பற்றித்தான் பேசுகிறேன்.

புத்தி இருப்பவன் இப்படி ஏமாறுவானா என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 1966இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்ற கணினி நிரல், நாம் தட்டச்சு செய்ததையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கும், அவ்வளவே. அது வெறும் நிரல் என்பதை நன்கு அறிந்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே இருங்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார். பதில் வரும் இடத்தை மனம் பற்றிக்கொள்ளும். புத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உலகில் ஆறில் ஒருவர் தனிமையில் வாடுவதாக 2025இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் குடியிருப்பில் அப்படி எத்தனை கதவுகள் என்று யாராவது எண்ணிப் பார்த்தோமா?

நான் குழுவில் கோபமாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்க மாட்டேன். ஞாயிறு முதல் அவர் லிஃப்ட் பக்கமே வரவில்லை. நேற்று மாலை நான் போய்க் கதவைத் தட்டியபோது பாதி திறந்து, "உங்களுக்கும் அந்தப் படம் வந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். அது இன்னும் குழுவில் இருக்கிறது. போட்டவரே நீக்குங்கள்.