லேசா திருப்புறதுன்னா என்னன்னே தெரியாத பைக்கு

எல்லாரும் கொண்டாடுறாங்களேன்னு 1998ல வந்த மோட்டோகிராஸ் மேட்னஸ்ங்கற பைக் ரேஸ் கம்ப்யூட்டர் கேம நேத்துதான் முதல் தடவையா போட்டுப் பாத்தேன். எனக்கு இது தேவையா? கீபோர்டுல ஓட்டுனா ஒண்ணு முழுசா இடது, இல்ல முழுசா வலது, நடுவுல ஒண்ணுமே கிடையாது. அதுல பாஹான்னு ஒரு வகை ரேஸ் இருக்கு, அதுல ஒவ்வொரு கேட்டா தாண்டிப் போகணுமாம், சரி, அந்த கேட்டு எங்கடா? மேடு ஏறி பறந்து இறங்குனா அது முதுகுக்குப் பின்னாடி நிக்குது, திரும்பிப் போய் தாண்டுறதுக்குள்ள மத்தவங்கெல்லாம் ரேஸ முடிச்சுட்டு வீட்டுக்கே போயிருப்பாங்க. கீழ விழுந்தா ஆளு துணிமூட்டை மாதிரி உருண்டு போறான், போறான், போய்க்கிட்டே இருக்கான்... நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். கடுப்புல ரேஸே வேணாம்னு மேப் ஓரத்துல இருக்குற மலைய உருட்டி உருட்டி ஏறுனேன். உச்சிக்குப் போன அடுத்த நொடி கண்ணுக்குத் தெரியாத பீரங்கில வச்சு சுட்ட மாதிரி என்னைத் தூக்கி வந்த வழியே எறிஞ்சுட்டாங்க. மேப் முடிஞ்சுபோச்சுன்னு ஒரு போர்டு வச்சா குறைஞ்சா போயிடுவீங்க? (அதுல சிரிச்சுட்டேன், அது வேற விஷயம்.) அந்த கேட்டு மட்டும் இன்னும் கிடைக்கல.