பணக்காரன் பொம்மையாம்!

சனிக்கிழமை நான் போட்ட பதிவின் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். வங்கியாளர் பெஞ்சமின் டி ரோத்ஸ்சைல்டின் பாய்மரப் பந்தயப் படகைப் பற்றி நான்கு வரி எழுதினேன். "பணக்காரன் பொம்மைக்கு நீர் ஏன் சாமரம் வீசுகிறீர்?" என்றார் நண்பர். அதற்குச் சரம் சரமாகச் சிரிப்புக் குறிகள். இன்னொருவர், அந்தக் குடும்பம்தான் உலகத்தை ஆட்டிவைக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் யூத வெறுப்புக் குப்பையைக் கொட்டினார். அதை அழித்துவிட்டேன். அதற்கெல்லாம் பதில் கிடையாது.

பொம்மைக்கு வருகிறேன். தந்தை எட்மண்ட் பிரபு 1953இல் பாரிஸில் நிதி நிறுவனம் தொடங்கியவர். அவருடைய 'ஜிதானா 4' 1965இல் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் எல்லாப் படகுகளுக்கும் முன்னால் வந்தது. மகன் 2000இல் ஒரு பந்தய அணியையே அமைத்தார். 2006 பந்தயமொன்றில் அவருடைய படகில் லியோனல் லெமொன்ஷுவா என்ற மாலுமி, பிரான்சின் சான் மாலோவிலிருந்து கரீபியன் தீவான குவாதலூப் வரை அட்லாண்டிக்கைத் தன்னந்தனியாக 7 நாள் 17 மணி நேரத்தில் கடந்தார். பொம்மை விளையாடவா போனார்?

அதே அணி 2017இல் கடலில் இறக்கிய 32 மீட்டர் படகு, நீருக்கடியில் இருக்கும் இறக்கைகளின் பலத்தில் அலைக்கு மேலே எழும்பி ஓடுவது. அதே பாதையில் நடந்த 2018 பந்தயத்தில் அதன் பக்க மிதவையின் முனையே பிய்ந்து போனது. பொம்மை என்றால் தூக்கி எறிந்திருப்பார்கள். சரிசெய்தார்கள். 2022இல் அதே படகில், அதே பாதையில், ஷார்ல் கோட்ரெலியே 6 நாள் 19 மணி நேரத்தில் வென்றார். பார்க்க பெஞ்சமின் இல்லை. 2021 ஜனவரியில், 57 வயதில், மாரடைப்பு.

"அவரா ஓட்டினார்? ஆள் வைத்துத்தானே?" என்பீர்கள். கோயில் கட்டிய ராஜா கல் செதுக்கினானா? "பணம் எப்படி வந்தது?" என்பீர்கள். அமெரிக்க வாடிக்கையாளர்களின் வரி விவகாரத்தில் அவர்களுடைய சுவிஸ் வங்கி 2015இல் சுமார் 4.5 கோடி டாலர் அபராதம் கட்டியது உண்மைதான். வங்கியைக் கேளுங்கள். படகு என்ன பாவம் செய்தது?

நானும் வங்கியில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். ஞாயிறுகளில் துறைமுகத்தில் பாய்மரம் பழகிவிட்டு, திங்கட்கிழமை கொப்புளம் வெடித்த கையால் நோட்டு எண்ணுவேன். "வந்துவிட்டார் கப்பல் துரை" என்று கிளையே சிரிக்கும். பணமுள்ளவன் கடலுக்குப் போனால் திமிர். குமாஸ்தா போனால் தகுதிக்கு மீறிய ஆசை. பிறகு யார்தான் பாய் விரிப்பது?

அதே நண்பர் போன மாதம் புதுக் காருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிப் படம் போட்டாரே, நான் பொம்மை என்றேனா? "வாழ்த்துகள் அண்ணா" என்றுதானே எழுதினேன்?