மிலிட்டரி அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு

ஆகஸ்ட் 15 கிராம சபையில் நடந்ததை வீடியோவில் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். மறுபடி விவரிக்க எனக்குத் தெம்பு இல்லை. "பென்ஷன் வாங்கிட்டு வீட்ல இருக்க வேண்டியதுதானே, பொம்பளப் புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துல மிலிட்டரிக்காரருக்கு என்ன வேலை?" என்று, ராணுவத்திலிருந்து வந்து நம் பள்ளியில் பிள்ளைகளுக்காகச் சமூகப் பணி செய்கிற அண்ணனைப் பார்த்து ஒருவர் கேட்ட அந்த வார்த்தை இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. கேட்டவரைக்கூட விட்டுவிடலாம். கேட்டதும் பின்னால் இருந்து ஒரு சிரிப்பு வந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று காலையில்தான் அதே பள்ளி மைதானத்தில் கொடியேற்றினோம். அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், பக்கத்தில் நின்று செல்பி எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து அவரைப் பார்த்து இப்படிக் கேட்கிறார்கள். சீருடை போட்டிருந்த காலத்துக்குச் சல்யூட், சீருடையைக் கழற்றிவிட்டுச் செய்கிற வேலைக்கு அவமானம் என்றால் என்ன நியாயம்?

அவர் செய்வது வேலை. பொழுதுபோகாமல் வந்து உட்கார்வதில்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுவேன்.

2022க்கு முன்பு ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவர்கள் 15 வருடம் முடித்தாலே பென்ஷனோடு வெளியே வரலாம். பலர் நாற்பது வயதுக்குள் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். பண்ருட்டி, கடலூர் பக்கம் எந்த வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்பவரைக் கேட்டாலும் பெரும்பாலும் முன்னாள் ராணுவத்தினராகத்தான் இருப்பார். அது கௌரவமான வேலைதான். அண்ணனுக்கும் அப்படி ஒரு வேலை கூப்பிட்டது. அவர் போகவில்லை. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலை, படித்தார். ஹவில்தாராக இருந்த மனுஷன், பரீட்சைக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நம் தெருவே பார்த்திருக்கிறது. இன்றைக்கு ஒரு தொண்டு நிறுவனம் கொடுக்கும் சொற்பத் தொகையில் பள்ளிக்குப் போகிறார். சில மாதம் அதுவும் வருவதில்லை.

என் பையன் கதையைச் சொல்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் அடிக்கடி லீவு. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவான், பள்ளிக்குப் போகமாட்டான். என்னிடம் வாயே திறக்கவில்லை. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? வருகைப் பதிவேட்டையும் தினசரி காலண்டர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவன் வராத நாளெல்லாம் சுபமுகூர்த்த நாள். கேட்டரிங் வேலைக்குப் போயிருக்கிறான், பந்தி பரிமாற. அடிக்கவில்லை, திட்டவில்லை. கல்யாண மண்டபத்துப் பின்வாசலில் அவனோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். குழுக் கடன் வசூலுக்கு வந்தவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து என்னைப் பேசிய பேச்சை அவன் உள்ளே இருந்து கேட்டிருக்கிறான். தவணைக்காகத்தான் போயிருக்கிறான். அதற்கப்புறம் அண்ணன் கேட்டரிங் ஆளிடம் பேசினார், கடன் வசூலிப்பவரிடமும் பேசினார். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில். அந்த நேரத்தில் எனக்காகப் பேச வேறு யார் வந்தார்கள்? அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருத்தராவது வந்தீர்களா?

"அதெல்லாம் டீச்சர்கள் பார்த்துக்க மாட்டாங்களா" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். நம் பள்ளி ஆசிரியர்கள் நல்லவர்கள். ஆனால் பாடம் எடுப்பார்களா, பள்ளி விவரங்களை எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பதிவேற்றுவார்களா, தேர்தல் வேலைக்குப் போவார்களா, இல்லை தெருத் தெருவாக வீடு தேடி வருவார்களா? அமெரிக்காவில் நியூயார்க், பாஸ்டன் மாதிரி நகரங்களில் 1906-07லேயே பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் போய்வர என்று தனியாக ஆள் வைத்தார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக உலகத்தில் இருக்கிற வேலை இது. நமக்கு ஒருத்தர் தானாக வந்து செய்தால் "என்ன வேலை" என்று கேட்கிறோம்.

காலை வணக்கக் கூட்டத்தில் அவர் பிள்ளைகளின் விரல்களைத்தான் பார்ப்பார். முந்திரிக்கொட்டை உடைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு விரல் நுனி கருத்திருக்கும். சாம்பல் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் கொட்டை ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டுத் தோல் உரிந்திருக்கும். விரல் கருத்த பிள்ளை அடுத்த மாதம் பள்ளிக்கு வராமல் போகலாம் என்று அவருக்குத் தெரியும். நானும் சின்ன வயதில் கொட்டை உடைத்தவள்தான். என் விரலை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. எட்டாவதோடு நின்றேன்.

சரி, உண்மையான கோபம் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதினோராம் வகுப்புப் பெண்ணின் கல்யாணம் நின்றதுதான். "குடும்ப விஷயத்துல தலையிட அவர் யாரு?" என்கிறார்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தாலி கட்டுவது குடும்ப விஷயம் இல்லை. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்தி வைப்பவர்களுக்கே 2 ஆண்டு வரை சிறை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். அந்தப் பெண்ணே அவரிடம் வந்து அழுததால்தான் அவர் செய்தார். இன்றைக்கு அவள் பள்ளிக்கு வருகிறாள். அதைப் பற்றி ஒருவரும் கிராம சபையில் பேசவில்லை.

"குரலை உயர்த்திப் பேசுறார்", ஆமாம், பேசுவார். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

"வார்டு மெம்பருக்கு நிக்கத்தான் இதெல்லாம்." நிற்கட்டுமே! நிற்கமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார், அது வேறு. 2024 ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, எந்த வீட்டில் மாசமான பெண், எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி என்று விஏஓ கையில் பட்டியல் கொடுத்தது யார்? பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போனதால் அவர் நோட்டில் அத்தனையும் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் கயிறு கட்டி எங்கள் மாமியாரைத் தோளில் தூக்கிவந்தார். அன்றைக்கு யாராவது "உனக்கு இங்க என்ன வேலை" என்று கேட்டீர்களா?

அந்தக் கேள்வியில் "பொம்பளப் புள்ளைங்க" என்று சேர்த்தது எதற்கு என்று எனக்குப் புரியாமல் இல்லை. மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற மனுஷன் அவர். அந்த வார்த்தைக்கு அவர் பதில் சொல்லாமல் நாற்காலியை மடக்கி ஓரமாகச் சாய்த்துவிட்டு வெளியே போனார். அதற்கப்புறம் பள்ளிக்கும் வரவில்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள், நாங்கள் என்ன பதில் சொல்வது?

இது சின்ன விஷயம், விட்டுவிடு என்று என் சொந்தக்காரர்களே போன் செய்கிறார்கள். விட மாட்டேன். அக்டோபர் 2 கிராம சபையில் நான் எழுந்து பேசப் போகிறேன். சொன்னவர் அதே இடத்தில், அதே மைக்கில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அண்ணன் பள்ளிக்குத் திரும்ப வரவேண்டும் என்று தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிள்ளைகளைப் படிக்க வைக்கிற அம்மாக்கள் எல்லோரும் 11 மணிக்கு வந்துவிடுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் வாருங்கள், கைநாட்டும் செல்லும்.