அத்தானின் 24

ஞாயிற்றுக்கிழமை நம் நடைப்பயிற்சிக் குழுவில் வந்த அந்தப் பட்டியலை எல்லோரும் பார்த்தீர்கள். பதினொரு பேர் கைதட்டும் படம் போட்டீர்கள். நான்கு நாள் பொறுத்தேன். இனி முடியாது.

பலருடைய கைக்கடிகாரமும் காட்டிய எச்.ஆர்.வி. எண்ணை, அதாவது இதயத்துடிப்பின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற எண்ணை, வரிசைப்படுத்தி, கடைசியில் என் அத்தான் பெயரைப் போட்டு, “24. ஐம்பதுக்குக் கீழே ஆபத்து” என்று எழுத யார் உரிமை கொடுத்தது?

ஒருவருடைய எண்ணை இன்னொருவருடைய எண்ணோடு ஒப்பிடக் கூடாது. அன்றே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்றால் கடிகார முள் போல ஒரே சீராக அடிக்கிறது என்று பொருள் இல்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 820 மில்லி விநாடி, அடுத்தது 870, அதற்கடுத்தது 810 என்று மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் இந்த எண். வயது ஏற ஏற அது குறையும். முதலிடம் பிடித்தவருக்கு 31 வயது, அத்தானுக்கு 58. அதுமட்டுமா? முதலிடத்துக்காரர் கட்டியிருப்பது ஆப்பிள் வாட்ச். அது எஸ்.டி.என்.என். என்ற கணக்கைக் காட்டுகிறது. அத்தானுடைய கார்மின் இரவுத் தூக்கத்தில் அளந்து ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்ற வேறு கணக்கைக் காட்டுகிறது. ஒரே ஆள் இரண்டையும் கட்டினாலும் இரண்டு எண்தான் வரும். படியில் அளந்ததையும் தராசில் நிறுத்ததையும் ஒரே வரிசையில் எழுதிவிட்டு, கடைசி ஆளுக்கு நோய் என்கிறீர்கள்.

திங்கட்கிழமை விடியுமுன் அக்கா அழைத்தாள். போனேன். அத்தான் திண்ணையில் உட்கார்ந்து இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்திருந்தார். முப்பது வருடமாக இருட்டில் லோயர் கேம்ப் தாண்டி, ஏலத்தோட்டத்து வேலைக்காரப் பெண்களை ஜீப்பில் குமுளிக்கு ஏற்றிப்போகும் கை அது. அன்று நடுங்கியது. “பாப்பா, இது ஒரே சீராக அடிக்கவில்லையே” என்றார். நானும் விரல் வைத்தேன். மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னேன். இழுக்கும்போது நாடி சற்று விரைந்தது, விடும்போது நிதானித்தது. அது நோயில்லை, இதயம் மூச்சோடு சேர்ந்து நடப்பதுதான், நீங்கள் பயப்படும் அந்த எண்ணே இதைத்தான் அளக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. இரவெல்லாம் தூங்காததால் அன்று காலை கடிகாரம் 17 காட்டியிருந்தது. தூக்கம் கெட்டால் எண் இறங்கும், காய்ச்சல் வந்தால் இறங்கும், இரவு குடித்தால் இறங்கும். உங்கள் பட்டியல்தான் அதை இறக்கியது.

“ஆராய்ச்சியே சொல்கிறதே” என்பீர்கள். சொல்கிறது. 1987இல் வந்த ஓர் ஆய்வு. மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேருக்கு இதயத்துடிப்பை விடாமல் பதியும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டி அளந்தார்கள். எஸ்.டி.என்.என். எண் 50க்குக் கீழ் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, 100க்கு மேல் இருந்தவர்களைவிட 5.3 மடங்கு. உங்கள் ‘ஐம்பது’ அங்கேயிருந்து வந்தது. மாரடைப்பு வந்தவர்களுக்கான, ஒரு முழுநாள் அளவை, வேறு கணக்கில், தூங்கும் மனிதரின் மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் அடித்து எடுத்த எண்ணுக்குப் பொருத்துவது என்ன நியாயம்? எண் அதிகம் என்றால் நல்ல இதயம் என்பதும் இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்ற தாறுமாறான துடிப்பு இருந்தாலும் எண் எகிறும்.

“விழிப்புணர்வுக்காகத்தான்” என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். விழிப்புணர்வு என்றால் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. ஜீப் ஓட்டுபவர்தானே என்ற நினைப்புத்தான் பட்டியலில் பெயர் போட வைத்தது. அந்தக் குழுவில் ஒரு வங்கி மேலாளரும் இருக்கிறார். அவர் கடிகாரத்தை யாரும் கேட்கவில்லை.

குடும்ப விஷயத்தைப் பொதுவில் பேசுகிறாள் என்று சொல்பவர்களுக்குப் பதில் இல்லை. பொதுவில் கொண்டுவந்தது நான் அல்ல.

செவ்வாய்க்கிழமை தேனிக்குக் கூட்டிப் போனோம். இ.சி.ஜி.யில் குறை எதுவும் இல்லை. மருத்துவர் சொன்னது இவ்வளவுதான்: ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீர்கள், பல வாரத்துப் போக்கைப் பாருங்கள், உங்கள் எண்ணை உங்கள் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் கடிகாரம் என்ன காட்டினாலும் உடனே வாருங்கள்.

அத்தான் தலையாட்டினார். ஆனால் புதன்கிழமையும் ஜீப்பை எடுக்கவில்லை. மகன் துபாயிலிருந்து ஆசையாக அனுப்பிய கடிகாரம், அக்கா வீட்டு அலமாரியில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது. அவன் அழைக்கும்போது, “சார்ஜ் போட்டிருக்கிறேன், தம்பி” என்கிறார். உங்கள் பட்டியல் இன்னும் குழுவில் அப்படியே இருக்கிறது.